இறக்கத்தில் தாங்கும் தொடை

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் நான், முழங்கால் மூட்டுத் தேய்மானத்துடன் வருபவர்களைச் சமதளத்தில் நடக்கச் சொல்வதைவிடப் படியில் இறங்கச் சொல்லித்தான் முதலில் கவனிப்பேன். தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் கொழுந்து பறித்த ஓர் அம்மா அண்மையில் வந்திருந்தார். வாசலில் உள்ள ஐந்து படிகளை இறங்குவதற்குள், வலது கையைத் தொடைமேல் ஊன்றி, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து நின்று நின்றுதான் வந்தார். வலி மிகுந்த காலின் தொடைத் தசை, மற்றக் காலோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. "தேய்ந்துபோன காலை அசைக்காதே" என்று உறவினர் சொன்னதைக் கேட்டு, அவர் பல மாதங்கள் வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்த அறிவுரை அன்பினால் சொல்லப்பட்டது, ஆனால் தவறானது. படி இறங்கும்போது முழங்காலில் நம் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட பாரம் விழுகிறது. அதைத் தாங்கிப் பிடித்து உடலை மெல்ல இறக்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்குப் பயந்து உட்கார்ந்தால் தசை மெலியும். மெலிந்தால் பாரம் மூட்டுக்குப் போகும். வலி இன்னும் கூடும். தேய்ந்த குருத்தெலும்பை உடற்பயிற்சி மீண்டும் வளர்த்துவிடாது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் மிகுந்து தெரிந்தும் சிரமமின்றி நடப்பவர்கள் உண்டு.

வலி அதிகமாக இருப்பவர்கள் படுக்கையிலேயே தொடங்கலாம். காலை நீட்டி, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். முழங்கால் சில்லு தொடைப் பக்கமாக மேலே நகர்வதை விரலால் தொட்டே உணரலாம். அப்படி நகர்ந்தால்தான் தசை வேலை செய்கிறது. ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். பத்து முறை செய்யுங்கள். அடுத்து, ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு, மற்றதை நீட்டியபடி ஒரு முழத்துக்கு மிகாமல் உயர்த்தி இறக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம்.

நம் மலைவாழ்க்கைக்கு மிகவும் பொருத்தமானதாக நான் கருதுவது நாற்காலிப் பயிற்சி. சுவரை ஒட்டிப் போட்ட உறுதியான நாற்காலியிலிருந்து, முடிந்தவரை கையை ஊன்றாமல் எழுந்து, பிறகு மூன்று வரை எண்ணிக்கொண்டே மெல்ல உட்காருங்கள். தொப்பென்று விழுந்தால் பயனில்லை. மெல்ல இறங்கும் அந்த மூன்று விநாடியில் தொடை செய்யும் வேலைதான், சரிவான பாதையில் இறங்கும்போதும் அது செய்யும் வேலை. எழ முடியாதவர்கள் இருக்கையில் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு, ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்தி இறக்கினால் போதும்.

நாற்காலிப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம். குளிர்ந்த காலையில் எழுந்ததும் தொடங்காமல், வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது லேசாக வலிப்பது இயல்பு. மறுநாளும் அது குறையாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியையே கைவிட்டுவிடாதீர்கள், ஏனெனில் மாற்றம் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். மூட்டு திடீரென வீங்கிச் சூடானாலும், காய்ச்சல் வந்தாலும், கால் மடங்கிய நிலையிலேயே சிக்கிக்கொண்டாலும், பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தசை வலுப்பெறும்வரை கைத்தடி பிடிக்கத் தயங்க வேண்டாம். பலர் வலிக்கும் காலின் பக்கமே தடியைப் பிடிக்கிறார்கள். அதற்கு எதிர்க்கையில் பிடிப்பதே சரி. படி ஏறும்போது நல்ல கால் முதலில் செல்லட்டும். இறங்கும்போது தடியும் வலிக்கும் காலும் முதலில் இறங்கட்டும்.