கொதிகலன் இருக்கட்டும், முதலில் விரிசலை அடைத்துவிடுங்கள்

வணக்கம். வழக்கமாக அந்த நீலக் கண்ணாடிச் சில்லைக் கையில் பிடித்து உலையின் பார்வைத் துளையைக் காட்டித்தான் பேசத் தொடங்குவேன். இன்று அது மேசைமேல் கிடக்கிறது. என் கையில் இருப்பது ஒரு முழ நீளமுள்ள மெல்லிய காகிதப் பட்டை. இரண்டு வாரங்களாக என்னைத் தூங்கவிடாத ஒரு சிக்கலை, சுற்றிலும் எத்தனையோ கருவிகள் இருக்க, இந்தக் காகிதம்தான் அவிழ்த்துக் கொடுத்தது.

கண்ணாடிப் பாட்டில் செய்யும் ஓர் ஆலையிலிருந்து அழைத்திருந்தார்கள். உலையை விட்டு வெளியேறும் புகை இன்னும் 430 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது, அதை வீணாக்காமல் ஒரு கொதிகலன் வைத்து நீராவி எடுக்கப்போகிறோம், கணக்கைச் சரிபார்த்துத் தாருங்கள் என்றார்கள். பேச்சோடு பேச்சாக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே புகை 500 டிகிரிக்கு அருகில் இருந்தது, நல்ல பராமரிப்பால் இப்போது இவ்வளவு குறைத்துவிட்டோம் என்று பெருமையாகவும் சொன்னார்கள். அந்தப் பெருமைதான் எனக்கு உறுத்தியது. புகை குளிர்ந்திருக்கிறது, ஆனால் எரிவாயு செலவு குறையவில்லை, சற்றுக் கூடியே இருக்கிறது. அப்படியானால் போன வெப்பம் எங்கே போயிற்று? ரசம் ஆறிவிட்டது என்பதற்காக யாரோ குடித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. யாராவது தண்ணீர் ஊற்றியும் இருக்கலாம்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக ரீஜெனரேட்டர் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உலையின் மேற்கூரைக்கு அடியில் ஏறத்தாழ 1550 முதல் 1600 டிகிரி வரை வெப்பம் இருக்கும். அங்கிருந்து புகை வெளியேறும்போது 1400 டிகிரிக்குக் குறையாமல்தான் வெளியேறும். அதை அப்படியே புகைபோக்கிக்கு விட்டால், எரித்த எரிபொருளில் பாதிக்கும் மேல் ஆகாயத்துக்குப் போய்விடும். ஆகவே உலையை ஒட்டி இரண்டு உயரமான அறைகளைக் கட்டி, காற்று புகுந்து போகும்படி இடைவெளி விட்டு, அவற்றுக்குள் செக்கர் செங்கற்களை அடுக்குகிறார்கள். புகை ஓர் அறை வழியாக இறங்கிச் செங்கற்களைச் சூடாக்குகிறது. எரிதலுக்கான காற்று மற்றோர் அறை வழியாக ஏறி, ஏற்கெனவே சூடாகியிருக்கும் செங்கற்களிடமிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு உலைக்குள் நுழைகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாறும். அந்த மாற்றத்தின்போது சில நொடிகள் உலைக்குள் தீயே இல்லாமல் வெறும் செம்மை மட்டும் நிற்கும். அதைப் படம்பிடிக்க நான் எத்தனை முறை காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். நல்ல அறையாக இருந்தால் காற்று 1200 முதல் 1300 டிகிரி வரை சூடாகி வரும். ஃபிரெடரிக் சீமென்ஸ் 1856ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டை, மைக்கேல் ஃபாரடே 1862 ஜூன் மாதத்தில் லண்டன் ராயல் நிறுவனத்தில் ஆற்றிய தம் கடைசி வெள்ளிக்கிழமை மாலை உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். மின்காந்தத்தை அலசிய மனிதர் கடைசியாக ஓர் உலையைப் பற்றிப் பேசினார் என்பது எனக்கு எப்போதும் இனிக்கும் செய்தி.

இங்கே ஒரு பிழையைத் திருத்திக்கொள்கிறேன். ரெக்யூப்பரேட்டர் (இடைச்சுவர் வழியாகப் புகை காற்றைச் சூடாக்கும் கருவி) பற்றிய காணொளியில், அறையின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் புகையின் வெப்பத்தை முழுவதும் மீட்டுவிடலாம் என்ற பொருள்படப் பேசியிருந்தேன். அது தவறு. ஒரு கனமீட்டர் மீத்தேனை எரிக்க ஏறத்தாழ ஒன்பதரை கனமீட்டர் காற்று உள்ளே வருகிறது. வெளியே போகும் புகையோ பத்தரை கனமீட்டர். அதோடு, சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக் கல்லும் உருகும்போது அவற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து அதே வழியில்தான் வெளியேறுகிறது. நூறு கிலோ மூலப்பொருட் கலவையில் ஏறத்தாழ 17 கிலோ இப்படி வாயுவாகிப் போய்விடும். கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் காற்றைவிட அதிக வெப்பத்தைச் சுமக்கக்கூடியவை வேறு. ஆகவே போகிறவர் சுமக்கும் மூட்டை பெரியது, வருகிறவர் கொண்டுவரும் பை சிறியது. செங்கல்லை வானம் வரை அடுக்கினாலும் காற்றால் வாங்கிக்கொள்ள முடிந்தது ஏறத்தாழ முக்கால் பங்கு அல்லது அதைவிடச் சற்று அதிகம்தான். நடைமுறையில் 60 முதல் 65 விழுக்காடு கிடைத்தால் அந்த அறையைக் கும்பிடலாம். மீதி வெப்பம் புகையில் இருந்தே தீரும். கொதிகலன் கேட்பவர்கள் பக்கத்திலும் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

ஆனால் கணக்குப் போடுவதற்கு முன் அந்த 430 என்ற எண்ணை நம்பலாமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு எளிய வழி, புகையில் இருக்கும் ஆக்சிஜனை இரண்டு இடங்களில் அளப்பது. உலையிலிருந்து அறைக்குள் நுழையும் இடத்தில் 2 விழுக்காடு இருந்தது, சரியான அளவு. அதே புகை அறையின் அடியிலிருந்து வெளியேறும் இடத்தில் 6 விழுக்காடு, ஆமாம், 6. நடுவில் ஆக்சிஜனைத் தயாரிக்கிறவர் யாரும் இல்லை. வெளிக்காற்றில் 21 விழுக்காடு இருப்பதால், 6லிருந்து 2ஐக் கழித்து, அந்த 4ஐ, 21க்கும் 6க்கும் உள்ள வித்தியாசமான 15ஆல் வகுத்தால், புகையின் அளவில் கால் பங்குக்கும் அதிகமான குளிர்ந்த காற்று வழியில் எங்கோ உள்ளே நுழைந்திருக்கிறது என்று தெரிகிறது. பராமரிப்பால் புகை குளிர்ந்தது என்றார்களே, அந்தப் பராமரிப்பின் பெயர் ஓட்டை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அடியில் அளக்கும்போது திசைமாற்று வால்வுக்கு முன்பாகவே குழாயை நுழைக்க வேண்டும். வால்வைத் தாண்டி அளந்தால், வால்வில் இருக்கும் கசிவு வழியாக விசிறிக் காற்று நேரே புகையில் கலந்து, பழி முழுவதும் அப்பாவிச் சுவரின்மேல் விழும். திசை மாறியவுடனும் அளக்கக் கூடாது. அறையில் தங்கியிருந்த பழைய காற்று வெளியேற சில நிமிடங்கள் ஆகும். ஆக 20 நிமிடத்தில் அளப்பதற்குக் கிடைப்பது 15 நிமிடம்தான், பிறகு அடுத்த 20 நிமிடம் சும்மா நிற்க வேண்டும். முதல் நாள் இது தெரிந்தும், குழாயின் முனையில் தூசி அடைத்துக்கொண்டதைக் கவனிக்காமல் மூன்று சுற்றுகளைப் பாழாக்கினேன். ஒவ்வொரு முறையும் எண் மெல்ல மெல்ல ஏற, ஓட்டை வளர்ந்துகொண்டே போகிறது என்று நினைத்துவிட்டேன். வளர்ந்தது என் அவசரம்தான். உறிஞ்சியிலேயே ஒரு மூட்டு தளர்ந்து, கருவி வெளிக்காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.

இனி வேட்டை. வெப்பக் கேமரா கையில் இருந்தது, ஆனால் புகை இறங்கும் நேரத்தில் அறைக்குள் உறிஞ்சுதல் இருப்பதால், விரிசலுக்குள் குளிர்ந்த காற்றுதான் போகும். வெளிச்சுவர் அங்கே சூடாகத் தெரியாமல் சற்றுக் கறுத்துத் தெரியும். எஃகுத் தூண்களின் நிழலும் அப்படித்தான் கறுத்துத் தெரிகிறது. அப்போதுதான் ஒரு நீண்ட கம்பியின் நுனியில் இந்தக் காகிதப் பட்டையைக் கட்டிச் சுவரோரமாக நகர்த்தினேன். முதல் முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு, மூலையில் நிற்கும் தூணுக்குப் பின்னால், கண்ணுக்கே தெரியாத இடத்தில், பட்டை சட்டென்று சுவரை நோக்கி மடங்கி ஒட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது. கம்பியை மேலே தூக்கினேன், அங்கும் அடித்தது. கீழே இறக்கினேன், அங்கும். சுவர் விரிவதற்காக விட்ட நெடுக்கு மூட்டு அது. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலாக, சுண்டுவிரல் நுழையும் அகலத்தில், உள்ளே அடைத்திருந்த பஞ்சு தூளாகி உதிர்ந்து, வாய் திறந்து கிடந்தது. அடியில் இருக்கும் துப்புரவுக் கதவுகள் இரண்டின் விளிம்புகளும், வெப்பமானி நுழையும் துளைகளும் சேர்ந்துகொள்ள, கணக்கில் வந்த காற்றுக்கு வாசல்கள் எல்லாம் கிடைத்துவிட்டன.

அடைப்பதற்கு இரண்டு நாள் பிடித்தது, அதில் முதல் நாள் வெட்டி. நெருப்புக் களிமண் சாந்தை நேராக மூட்டுக்குள் பூசச் சொன்னேன். அடுத்த திசைமாற்றம் முடிவதற்குள் அது காய்ந்து, சுருங்கி, இரு ஓரங்களிலும் மயிரிழை விட்டுப் பிரிந்து நின்றது. நெடுக்கு மூட்டு என்பதே அசைவதற்காக விடப்பட்டது. அசைகிற இடத்தில் அசையாத பொருளைப் பூசியது என் புத்திக்குறைவு. மறுநாள் செராமிக் இழைக் கயிற்றை மழுங்கிய இரும்புப் பட்டையால் ஆழமாகத் திணித்து, மேலே இன்னொரு சுற்று இழைப் பாயை வைத்து, அதன்மேல்தான் மெல்லிய பூச்சு கொடுத்தோம். பூச்சு காய்வதற்குள் பட்டையை நீட்டினேன். அசையவில்லை. இன்னும் நெருக்கினேன். தொங்கியது தொங்கியபடியே இருந்தது. இந்தக் காட்சியை நான்கு கோணங்களில் எடுத்து வைத்திருக்கிறேன், நான்கையும் இங்கே காட்டத்தான் போகிறேன். தொங்கும் காகிதத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் முன்னே ஓட்டிக்கொள்ளலாம்.

இரண்டு நாள் கழித்து அளந்தபோது அடியில் ஆக்சிஜன் 3 விழுக்காடு. அதே வகுத்தலைப் போட்டால், கால் பங்குக்கு மேல் இருந்த கள்ளக் காற்று, புகையின் அளவில் பதினெட்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. புகையின் வெப்பம் 430லிருந்து 490 டிகிரிக்கு ஏறியது. ஆலையில் இருப்பவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள்; விரிசலை அடைத்த பிறகு புகைபோக்கிச் சூடு ஏறுகிறதே, இதற்கா உங்களை அழைத்தோம் என்று ஒருவர் கேட்டேவிட்டார். ஏறட்டும், அதுதான் உண்மையான எண். முன்பு காட்டிய 430 தண்ணீர் கலந்த பால். சுவரின் நடு உயரத்தில் நுழைந்த காற்று செங்கல்லிடமிருந்து வெப்பத்தைத் திருடி, அதை உலைக்குக் கொடுக்காமல் புகைபோக்கிக்கு எடுத்துப்போய்க்கொண்டிருந்தது. இப்போது அந்த வெப்பம் செங்கல்லில் தங்கி, திரும்பும் காற்றோடு உலைக்கே போகிறது.

இன்னொரு நன்மையும் இருக்கிறது, அதை எப்போதும் மறந்துவிடுகிறோம். புகையில் வரும் சோடியம் சல்ஃபேட், அறையின் நடுப்பகுதியில் குளிர்ந்து செங்கல்லின்மேல் படியும். அது 884 டிகிரியில் உருகும். அதற்கு மேலே திரவமாக வழியும், கீழே திடமாகி வழியை அடைக்கும். இதை எதிர்பார்த்துத்தான் மேலே மக்னீசியச் செங்கல், நடுவில் சல்ஃபேட்டைத் தாங்கும் மக்னீசிய-சிர்க்கான் போன்றவை, அடியில் களிமண் செங்கல் என்று அடுக்குகளைப் பிரிக்கிறார்கள். நடுவில் ஒரு காலத்தில் குரோம் கலந்த செங்கல் வைத்தார்கள். காரத்தோடு சேர்ந்து நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் உருவாவதால் அதைக் கைவிட்டார்கள், நல்லதாயிற்று, எனக்கு அந்தச் செங்கல்லைக் கண்டாலே ஆகாது. குளிர்ந்த காற்று இடையில் புகுந்தால், படிய வேண்டிய உப்பு தனக்கு ஒதுக்கிய இடத்துக்கு மேலேயே படியத் தொடங்கி, அதைத் தாங்கத் தெரியாத செங்கல்லை அரிக்கும். உலை பத்துப் பதினைந்து ஆண்டுகள் நிற்காமல் ஓட வேண்டியது; அறை இடிந்தால் கொதிகலனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கொதிகலன் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. உலைக்கே திரும்பும் வெப்பம் அதே அளவு எரிபொருளை, பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகவே, மிச்சப்படுத்தும்; கொதிகலன் நீராவி வழியாக மின்சாரமாக மாறும் வெப்பத்தில் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துவிடும். எனக்குப் பிடித்தது, மீதிப் புகையைக் கொண்டு மூலப்பொருட் கலவையையும் உடைந்த கண்ணாடியையும் 300 டிகிரி அளவுக்குச் சூடாக்கி உள்ளே அனுப்புவதுதான். பத்து விழுக்காடு அல்லது அதற்கும் மேலாக எரிபொருள் மிச்சமாகும். ஈரக் கலவை சூடேறும்போது கட்டியாகிச் சிக்கிக்கொள்வதும், காய்ந்த தூள் பறந்து போய் அதே செக்கர் செங்கற்களை அடைப்பதும் உண்மையான தொல்லைகள். உடைந்த கண்ணாடி நிறையக் கலக்கும் பாட்டில் உலையில் இந்தத் தொல்லைகள் குறைவு என்பதால், இந்த ஆலைக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனை மட்டும் விட்டு எரிக்கும் ஆக்சிஜன் எரிப்புக்கு மாறினால் நைட்ரஜனே இல்லை, ஆகவே அறையே வேண்டாம் என்று பின்னூட்டத்தில் வாதிடுபவர்களுக்கு, ஆக்சிஜனைப் பிரிக்கச் செலவாகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்த்து எழுதுங்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கொதிகலன் விற்பவருக்குப் புதிய எண்களை அனுப்பியிருக்கிறேன்: புகையின் அளவு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, வெப்பம் 60 டிகிரி கூடியிருக்கிறது. முன்பு வரைந்ததைவிடச் சிறிய கொதிகலனும் சிறிய விசிறியும் போதும் என்று அவரே பதில் எழுதியிருக்கிறார். நான் இதுவரை சொன்னதெல்லாம் வலப்பக்க அறையின் கதை. இடப்பக்க அறையின் அடியில் இன்னும் ஆக்சிஜன் நாலரை விழுக்காடு காட்டுகிறது, அங்கே தூணுக்குப் பின்னால் கம்பி நுழைய இடமில்லை. பட்டையை எப்படி உள்ளே நீட்டுவது என்று தெரிந்ததும் அடுத்த காணொளியோடு வருகிறேன்.