ஸ்பிண்டிலின் கூடு

(பெங்களூரு அல்சூரில் தமிழ் அன்பர்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களைப் பார்த்தே ஆரம்பிக்கிறேன். சேலம், தருமபுரி, வேலூர் என்று எங்கெங்கோ பிறந்து, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். சிம்பன்சிகளுக்கும் புகுந்த வீடு உண்டு. ஆண் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருக்கும். பருவம் வந்ததும் பெரும்பாலும் பெண்தான் வேறு கூட்டத்துக்குப் போகும். அங்கே முன்பே இருக்கும் பெண்கள் புதிதாக வந்தவளை அடித்து விரட்டப் பார்க்கும். நம் மல்லேஸ்வரத்தில் மொட்டைமாடிக்கு வரும் நாட்டுக் குரங்குகளிடம் இது அப்படியே தலைகீழ். பெண்கள் தாயோடு தங்கிவிடும், ஆண்கள் வெளியேறும்.

1960 ஜூலையில் ஜேன் குடால், 26 வயதுப் பெண், கல்லூரிப் பட்டம்கூட இல்லாமல், இன்றைய தான்சானியாவில் டாங்கனிக்கா ஏரிக்கரையில் உள்ள கோம்பே காட்டுக்குச் சிம்பன்சிகளைக் கவனித்து ஆராயப் போனார். ஆய்வாளர்கள் விலங்குகளுக்கு எண் போடும் காலம் அது. அவர் பெயர் வைத்தார். அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவன். யார் யாருடைய பிள்ளை என்று நினைவில் நிற்கப் பெயர்தானே வேண்டும்? சென்ற 2025 அக்டோபரில், 91 வயதில் அவர் மறைந்தார்.

சிம்பன்சிக் குடும்பம் என்றால் தாயும் பிள்ளைகளும்தான். தாய் பல ஆண்களோடு சேர்வதால், தகப்பன் வளர்ப்பில் பங்கெடுப்பதில்லை. ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் சுமார் 5 ஆண்டு இடைவெளி. அதுவரை பால், முதுகுச் சவாரி, இரவில் ஒரே கூடு. கூடு என்றால் பழசு அல்ல. பொழுது சாயும்போது தாய் கிளைகளை வளைத்து, காலால் மிதித்துப் பிடித்து, இலைக்கொத்துகளை மேலே பரப்பி, சில நிமிடங்களில் புதிதாகக் கட்டிவிடும்.

கோம்பேயில் ஃப்ளோ என்ற கிழத்தாய்க்கு ஃபிளின்ட் கடைக்குட்டி மாதிரி. அவனுக்குப் பின் பிறந்த தங்கை ஆறு மாதத்திலேயே போய்விட்டாள். அப்புறம் அவன் மறுபடி அம்மாவை விடவே இல்லை. 1972-இல் ஓர் ஓடைக்கரையில் ஃப்ளோ இறந்தாள். எட்டரை வயது ஃபிளின்ட் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒருநாள் மரமேறி, அம்மாவோடு சில நாள் முன்பு படுத்திருந்த கூட்டை வெறித்துப் பார்த்தான். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மாதம் ஆவதற்குள், அம்மா கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உயிரை விட்டான். ‘அது’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னிக்க வேண்டும்.

1987-இல் நிமோனியா போன்ற நோய் அந்தக் காட்டில் பரவியது. மூன்று வயது தாண்டிய மெல் என்ற குட்டியின் தாய் இறந்தாள். அண்ணன், அக்கா யாருமில்லை. பிழைக்க மாட்டான் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவனை ஸ்பிண்டில் எடுத்துக்கொண்டான். 12 வயதுப் பையன், மெல்லுக்குச் சொந்தமே இல்லை. அதே நோயில் ஸ்பிண்டிலும் தாயை இழந்திருந்தான். முதுகில் சுமந்தான், தன் உணவில் பங்கு கொடுத்தான். பெரிய ஆண்கள் ஆவேசத்தோடு ஓடிவரும்போது குட்டிகள் ஒதுங்க வேண்டும். மெல் ஒதுங்கத் தெரியாமல் குறுக்கே நின்றால், ஸ்பிண்டில் பாய்ந்து போய் அவனை இழுத்துவருவான். சில நேரம் அடி இவன் மேல் விழும்.

இரவில் மெல் கூட்டின் ஓரத்துக்கு வந்து மெல்ல முனகுவான். ஸ்பிண்டில் கையை நீட்டி அவனை உள்ளே இழுத்துக்கொள்வான்.

மெல் பிழைத்துக்கொண்டான்.