கேட் என்றால் வாயிலா, கதவா?

அவையோருக்கு வணக்கம்.

‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன என்றால் யோசிக்காமல் ‘வாயில்’ என்கிறோம். பாதிதான் சரி. நமக்கு வாயில் என்பது திறப்பு, அதில் நின்று மறிப்பது கதவு. ‘கேட் வழியாக வா’, ‘கேட்டைப் பூட்டு’ என்று ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது. தொழில்நுட்பத்துக்குள் பெரும்பாலும் போனது மறிக்கிற பொருள்தான்.

தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடும் கேட் வால்வைப் பாருங்கள். கைச்சக்கரத்தைப் பல சுற்று சுற்றினால் உள்ளே ஆப்பு போன்ற தகடு மேலே ஏறும். முழுக்க ஏறிவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் நேராக ஓடும். பாதியில் நிறுத்தினால்தான் வம்பு. தகட்டின் அடியில் தண்ணீர் வேகமாகப் பீறிடும், தகடு அதிரும், அது உட்காரும் முகம் அரிக்கப்படும். பிறகு எவ்வளவு இறுக்கி மூடினாலும் கசியும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமா, குளோப் வால்வு போடுங்கள்.

பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தால் அடி நடுவில் ஒரு சிறு முனை தட்டுப்படும். அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக் நுழைந்த இடம் அது. அதற்கும் கேட் என்றுதான் பெயர். அதை வேண்டுமென்றே குறுகலாக வைக்கிறார்கள். குறுகிய இடம் சீக்கிரம் உறைந்து, தன்னைத் தானே அடைத்துக்கொள்ளும். அதுவரை அழுத்தத்தை விடக்கூடாது. விட்டால் உள்ளே போனது பின்வாங்கும், பொருளின் மேல் பள்ளம் விழும்.

மின்னோட்டத்தை விடவும் மறிக்கவும் பயன்படும் சின்ன மின்னணுப் பாகம் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர். அதன் ஒரு முனையான கேட் இன்னும் வேடிக்கை. பாதையில் ஓடும் மின்னோட்டம் இந்தக் கேட் வழியாகப் போவதே இல்லை! மெல்லிய ஆக்சைடு படலத்துக்கு மேலே இருந்துகொண்டு, தன் மின்னழுத்தத்தால் கீழே உள்ள பாதையைத் திறக்கிறது. அந்தக் கேட் முனையை எதனோடும் இணைக்காமல் விட்டால் எங்கிருந்தோ ஒட்டும் மின்னூட்டம் பாதையை அரைகுறையாகத் திறக்கும், டிரான்சிஸ்டர் சூடேறும். அதனால்தான் கேட்டுக்கும், பாதை தொடங்கும் முனையான சோர்ஸுக்கும் நடுவே 10 கிலோ ஓம் அளவில் ஒரு மின்தடையைப் போடுகிறார்கள்.

ஊழல் செய்திகளில் வால்போல ஒட்டும் ‘கேட்’டுக்கும் திறப்புக்கும் சம்பந்தமில்லை. 1972 ஜூன் 17 அன்று எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் உடைத்து நுழைந்து பெரிய அரசியல் ஊழல் வெடித்ததே, அந்த வாஷிங்டன் கட்டடத்தின் பெயர் வாட்டர்கேட், அவ்வளவுதான். இங்கிலாந்தின் யார்க் நகரத் தெருப் பெயர்களில் வரும் ‘கேட்’ வேறு சொல். பழைய நார்ஸ் மொழியில் தெரு என்று பொருள்.

கணினிப் பாடத்துக்கு வருவோம். 0, 1 என்ற சமிக்ஞைகளை வாங்கி ஒரு விடை தரும் சிறு மின்சுற்றுதான் ‘லாஜிக் கேட்’. அதற்குத் தமிழ்நாட்டில் ‘தருக்க வாயில்’, இலங்கையில் ‘தர்க்கப் படலை’. படலை என்பது வேலியில் திறந்து மூடுகிற தட்டி. என் வாக்கு படலைக்கே. ஆனால் அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. கேட் திறந்திருந்தால் சமிக்ஞை போகும். மின்சுற்று ‘திறந்திருந்தால்’, அதாவது எங்காவது துண்டிக்கப்பட்டிருந்தால், மின்னோட்டம் போகாது. ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்பத்தான் செய்வார். அந்த இடத்தில் திறப்பு, மூடல் என்று எழுதாமல் ‘விடுகிறது’, ‘மறிக்கிறது’ என்று எழுதுங்கள்.