தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் மாண்ட்ரியலில் 1974-ல் பிறந்த மரி-ஃப்ரான்ஸ் துப்ராய் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஐஸ் டான்ஸ், அதாவது பனித்தளத்தில் ஸ்கேட் கட்டிக்கொண்டு ஜோடியாக ஆடும் நடனப் போட்டி, அதில் ஆடியவர்; பிறகு தளத்தைச் சுற்றிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கற்றுக்கொடுக்கப் போனவர். "பதக்கம் கிடைக்காத ஏக்கத்தில் கோச் ஆனார்" என்று இப்படிப்பட்டவர்களைச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பாருங்கள். ஜோடி ஸ்கேட்டிங்கில் ஆண் தன் துணையைத் தலைக்கு மேலே தூக்குவார், வீசுவார். ஐஸ் டான்ஸில் அதற்கு இடமில்லை; தூக்கினாலும் தலைக்கு மேலே போகாது. ஸ்கேட் பிளேடின் அடிப்பக்கம் நடுவில் குழிந்திருக்கும், இரண்டு ஓரத்திலும் இரண்டு விளிம்புகள். எந்த விளிம்பில் எவ்வளவு ஆழமாகச் சாய்கிறார்கள், இருவரும் எவ்வளவு நெருங்கி ஓடுகிறார்கள் என்பதில்தான் மதிப்பெண். ஒருவர் கால் துளி தப்பினால் மற்றவரின் பிளேடில்தான் போய் மோதும்.

அந்த நெருக்கத்தில்தான் பத்ரிஸ் லோசோனோடு துப்ராய் ஆடினார். 5 முறை கனடா சாம்பியன். 2006 டுரின் ஒலிம்பிக்கில், லத்தீன் தாளத்துக்கான ஒரிஜினல் டான்ஸ் என்ற சுற்று. சுழன்றபடியே தூக்கும் லிஃப்டில் பிடி நழுவியது. வேகத்தில் சுழன்ற துப்ராயின் உடம்பு பனிக்கட்டியில் மோதியது. அடுத்த சுற்றான ஃப்ரீ டான்ஸுக்கு அவர்களால் வர முடியவில்லை. அதே இரவில் முன்னணியில் இருந்த இத்தாலி ஜோடியும் விழுந்தது. எழுந்த பார்பரா ஃபுசார்-போலி தன் ஜோடி ஆட்டக்காரரை வெறித்துப் பார்த்த அந்தப் பார்வையை இன்றும் பேசுகிறார்கள். அவரும் பின்னாளில் கோச் ஆனவர்தான்.

அடுத்த மாதமே கால்கரி உலகப் போட்டியில் துப்ராய்க்கும் லோசோனுக்கும் வெள்ளி. 2007-ல் டோக்கியோவிலும் வெள்ளி. இரண்டு முறையும் மேலே நின்றது பல்கேரியாவின் டென்கோவா, ஸ்டாவிஸ்கி ஜோடி.

பிறகு கணவன் மனைவியாக மாண்ட்ரியலிலேயே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். பிரான்சின் கேப்ரியெல்லா பபடாகிஸும் கியோம் சிசெரோனும் தங்கள் கோச் ரோமாங் ஹகனவேரோடு 2014-ல் அங்கே வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு உலகப் போட்டியில் அவர்களுக்கு 13-ஆம் இடம். மறு ஆண்டு, 2015-ல், உலக சாம்பியன்கள்! ஒரு பயிற்சிக்கூடம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2016-ல் கனடாவின் டெஸ்ஸா வெர்ச்சூவும் ஸ்காட் மோயரும் மீண்டும் போட்டிக்குத் திரும்பி, அதே தளத்துக்கு வந்தார்கள். உலகின் முதல் இரண்டு ஜோடிகளும் ஒரே தளத்தில், ஒரே கோச்சுகளிடம். இவருக்குச் சொன்னதை அவருக்கு மறைக்க முடியாது. ஒரு ஜோடியின் பயிற்சியை மறு ஜோடி தினமும் கண்ணால் பார்க்கும். அங்கே நம்பிக்கையைக் காப்பாற்றுவது, எனக்குத் தெரிந்து, எந்த லிஃப்டையும்விடக் கடினம்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக். முதல் சுற்றான குறு நடனத்தில் பபடாகிஸின் உடையின் கழுத்துக் கொக்கி கழன்றுவிட்டது. கடைசி வரை அதோடே ஆடினார். கனடா ஜோடியைவிட 1.74 புள்ளி பின்தங்கினார்கள். மறுநாள் ஃப்ரீ டான்ஸில் 0.95 புள்ளி அதிகம் எடுத்தும் எட்டவில்லை. கனடாவுக்கு 206.07, பிரான்சுக்கு 205.28. இடைவெளி 0.79.

தங்கமும் வெள்ளியும் ஒரே கூடத்துக்கு. துள்ளிக் குதிக்கும் ஒரு ஜோடி, உடைந்துபோன ஒரு ஜோடி, இரண்டுமே துப்ராய் வளர்த்த பிள்ளைகள். அந்த இரவில் எந்தப் பக்கம் திரும்பி முதலில் அணைத்துக்கொள்வது? டுரினில் விழுந்தபோது அவர் தோளில் இருந்தது ஒரு ஜோடியின் பாரம்தான். இங்கே இரண்டு ஜோடியின் பாரம்.

பபடாகிஸும் சிசெரோனும் மாண்ட்ரியலை விட்டுப் போகவில்லை. நான்கு வருடம் அதே பனித்தளத்தில் உழைத்தார்கள். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் அவர்களுக்கு. வெண்கலம் வாங்கிய அமெரிக்க ஜோடியும், நான்காவதாக வந்த அமெரிக்க ஜோடியும் அதே கூடத்துப் பிள்ளைகள்தான்.