எல்லாருக்கும் ஒரே வரிசைன்னா போதுமா?

வணக்கம் மக்களே! இன்னைக்கு அரசு ஆஸ்பத்திரி ஓபி வரிசையைப் பத்திப் பேசணும்.

"எல்லாருக்கும் ஒரே வரிசைதான், பாகுபாடே கிடையாது"ன்னு சொல்லுவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யாரு எங்கேருந்து வாறாங்கன்னு பாருங்க. நாகர்கோவில்ல இருக்கவங்க டவுன் பஸ் ஏறினா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல இறங்கிரலாம். பேச்சிப்பாறை அணைக்கு மேல, தச்சமலைல இருக்க காணிக்கார பழங்குடி அம்மாவுக்கு? அணைத் தண்ணியைப் படகுல கடக்கணும். அப்புறம் குலசேகரத்துக்கு ஒரு பஸ், அங்கேருந்து இன்னொண்ணு. வந்து சேரும்போது சீட்டு குடுக்குற ஜன்னல் மூடியிருக்கும். "நாளைக்கு வாங்கம்மா." நமக்கு அது ஒரு நாள் அலைச்சல். அவங்களுக்கு அன்னைக்குக் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு, ராத்திரி தங்க இடமும் இல்ல. தூரத்துலேருந்து வாறவங்களுக்கு ஒரு தனி நேரம் ஒதுக்கினா என்ன குறைஞ்சிரும்?

ஒரு அரசு ஆஸ்பத்திரில நான் கண்ணால பார்த்ததைச் சொல்றேன், பேரு வேண்டாம். சக்கர நாற்காலி ஏறுறதுக்குன்னு கட்டின சாய்தளத்துல வரிசையா பைக்கு நிக்குது. வீட்டுக்காரரை வெயில்ல நாற்காலியோட நிறுத்திட்டு, ஒரு அக்கா ஒவ்வொரு ஆளாப் போய் "இது உங்க வண்டியா அண்ணே"ன்னு கேக்குறாங்க. யாரும் தலைகூட நிமிரல. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-வது பிரிவு, ஆஸ்பத்திரில தடையில்லாத பாதையும் சிகிச்சையில முன்னுரிமையும் குடுக்கணும்னு சொல்லுது. அந்த அக்கா யாருகிட்டயும் கெஞ்ச வேண்டியதே இல்ல மக்களே!

அடுத்தது, "பெட் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு அனுப்புறது. 1992-ல மேற்கு வங்கத்துல ரயில்லேருந்து விழுந்து தலைல அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை இப்படித்தான் அரசு ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரியா அலைய விட்டாங்க. கடைசில தனியார்லதான் சேர்த்தாங்க. 1996-ல உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை மறுக்குறது அரசியலமைப்புச் சட்டத்தோட 21-வது பிரிவு குடுக்குற உயிர் வாழும் உரிமையை மீறுறதுன்னு தீர்ப்பு சொல்லி, 25,000 ரூபா இழப்பீடும் குடுக்க வச்சுது. காசு இல்ல, ஆள் இல்லன்னு அரசாங்கம் கைவிரிக்கக் கூடாதுன்னும் சொல்லிருச்சு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுறேன். கோவத்தை நர்ஸம்மா மேல காட்டாதீங்க. ஒரு வார்டு முழுக்க ஒத்தை ஆளா ஓடுறவங்க அவங்க. ஆள் போடாதது யாரு, சாய்தளத்தைக் காலியா வைக்காதது யாரு, அங்கதான் கேள்வி போகணும். அதுவும் எழுத்துல போகணும். வாயால சொன்னது அந்த வராந்தாவைத் தாண்டாது.

தேதி, நேரம், எந்தப் பிரிவு, என்ன சொன்னாங்க, எல்லாம் எழுதி, ஓபி சீட்டு நகலையும் சேர்த்து, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துல குடுங்க. மனு எண் வாங்காம வெளிய வராதீங்க. பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. 10 ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். அதுல நீளமா எதுவும் எழுத வேண்டாம். "என் மனு எந்தெந்த அதிகாரிகிட்ட எத்தனை நாள் இருந்தது, ஒவ்வொருத்தரும் என்ன நடவடிக்கை எடுத்தாங்க?" இதை மட்டும் கேளுங்க.