பாம்பின் கண்ணில் சட்டை ஒட்டிக்கொண்டால்: முதலில் இடுக்கியைக் கீழே வையுங்கள்

வணக்கம் மக்களே. இவன் பெயர் முத்து. பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வகை, ஆண். வேறொரு வீட்டில் வளர்ந்தவன், சமீபத்தில்தான் என்னிடம் வந்தான். நேற்று இரவு சட்டை உரித்திருக்கிறான், ஆனால் முழுசாக இல்லை, துண்டு துண்டாக. கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன், கண்ணைப் பாருங்கள். வலது கண் கறுப்பாகப் பளபளக்கிறது. இடது கண் மங்கிக் கிடக்கிறது, ஓரத்தில் சுருக்கம் தெரிகிறதா? இதைப் பார்த்ததும் நகத்தால் சுரண்டிவிடலாம் என்று கை பரபரக்கும். தயவுசெய்து வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணுக்கு மேல் தெளிவான ஒரு செதில் எப்போதும் மூடியே இருக்கும். உடம்புச் சட்டை கழலும்போது அந்தச் செதிலின் பழைய மேல் அடுக்கும் சேர்ந்து கழல வேண்டும். கழலாமல் தங்கினால் ஐ கேப் ஒட்டிவிட்டது என்கிறோம். மேலே இருப்பது செத்த தோல்தான். ஆனால் அதற்கு நேர் அடியில் இருப்பது உயிருள்ள செதில், அதில் ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இங்கே ஒன்டாரியோவில், வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கெவின் வான் டோர்ன், ஜேக்கப் சிவாக் இருவரும் 2013-ல் இதைப் பற்றி ஓர் அருமையான ஆய்வு வெளியிட்டார்கள். பாம்பு ஆபத்தை உணர்ந்தால் அந்தக் குழாய்கள் சுருங்கி ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் பார்வை தெளிவாகிறது. சட்டை மாறும் சமயத்திலோ ரத்தம் நிற்காமல் ஓடுகிறது. இவ்வளவு நுட்பமான இடத்தில் இடுக்கியை வைத்து இழுத்தால் கீழ்ச் செதிலும் சேர்ந்து கிழியும். கிழிந்தால் கண் காய்ந்து, கிருமி ஏறி, கண்ணே போய்விடலாம். செல்லோ டேப் ஒட்டி இழுப்பதும் இதே ஆபத்துதான்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது கழன்ற சட்டையை. தலைப் பகுதியை ஈரமாக்கி மெதுவாக விரியுங்கள். இதோ, வலது கண் இருந்த இடத்தில் சின்ன வட்டமாக, லென்ஸ் போல ஒன்று இருக்கிறது. இடது பக்கம் வெறும் ஓட்டை. அப்படியென்றால் அது கண்ணிலேயே தங்கிவிட்டது. சட்டையைப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

ஏனென்றால் மங்கலான கண் எல்லாம் ஐ கேப் இல்லை. இரண்டு கண்ணும் ஒன்றாகப் பால் நீலமாக மாறினால், அது சட்டை உரிக்கப்போகும் அறிகுறி. பழைய அடுக்குக்கும் புது அடுக்குக்கும் நடுவில் திரவம் சேர்வதால் வருவது. சில நாளில் கண் தெளியும், அதற்குப் பிறகுதான் சட்டை கழலும். அந்த நாட்களில் அவனுக்குச் சரியாகக் கண் தெரியாது, பயத்தில் கொத்தவும் செய்வான். கையில் எடுக்காதீர்கள், இரை கொடுக்கவும் அவசரப்படாதீர்கள். கண்ணில் குழி விழுந்த மாதிரி இருந்தால் பெரும்பாலும் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

வீக்கம் மட்டும் வேறு விஷயம். செதிலுக்கு அடியில் சுரக்கும் கண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக வாய்க்குள் வடிகிறது. அந்தக் குழாய் அடைபட்டால் கண் பிதுங்கும். வாய்ப்புண் இருந்தால் கிருமி அதே வழியாக மேலே ஏறி, செதிலுக்குள் சீழ் கட்டும். இதற்கு வீட்டு வைத்தியமே கிடையாது, உடனே மருத்துவர்தான்.

கண்ணைச் சுற்றிய விளிம்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் நகர்ந்தால் உண்ணி. தண்ணீர்க் கிண்ணத்தில் செத்து மிதக்கும் புள்ளிகளும் அதுதான். சட்டை சரியாகக் கழலாததற்கு இவையும் ஒரு காரணம். முத்துவிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

சரி, இவனுக்கு என்ன செய்கிறேன்? முதல் வேலை ஈரப்பதம். டொராண்டோ குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓட ஓட, அறைக் காற்று 30 சதவீதத்துக்கும் கீழே காய்ந்துவிடும். பால் பைத்தானுக்குச் சாதாரண நாளில் 60 பக்கம் வேண்டும், சட்டை உரிக்கும் சமயத்தில் 70 வரை ஏற்றுவேன். முள் காட்டும் மலிவான மீட்டரை நம்பாதீர்கள், டிஜிட்டல் வாங்குங்கள். கீழே தேங்காய் நார்த்தூள். அப்புறம் மூடியுள்ள ஒரு டப்பாவில் நுழைய ஓட்டை போட்டு, பிழிந்த ஸ்பேக்னம் பாசியை நிரப்பி வைத்திருக்கிறேன். பாசி ஈரமாக இருக்கட்டும், ஆனால் சொட்டக் கூடாது. தொட்டி முழுவதும் சொதசொதவென்று நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில்கள் அழுகும்.

உடம்பில் ஒட்டியதற்கு வெதுவெதுப்பான, 30 டிகிரிக்குள் இருக்கும் தண்ணீர். முதுகு மூழ்காத அளவு போதும், இருபது நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். பிறகு ஈரத் துண்டுக்குள் அவனையே ஊர்ந்து போக விடுங்கள், துணியில் உரசி தோல் தானே கழலும். வால் நுனியை மறக்காதீர்கள். அங்கே வளையமாகத் தங்கும் தோல் இறுகி, ரத்தம் போகாமல் நுனியே கறுத்து விழுந்துவிடும். என்னைக் கேட்டால், கண்ணைவிட அதிகம் கவனிக்காமல் விடப்படும் இடம் அதுதான்.

கண்ணுக்கு, மருத்துவர் சொன்னபடி செயற்கைக் கண்ணீர் ஜெல் மட்டும் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம், காய்ந்த தோலுக்குத் தேவை தண்ணீர். மற்றபடி காத்திருப்பதுதான். ஈரப்பதம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அடுத்த சட்டையோடு இதுவும் சேர்ந்து கழன்றுவிடும்.

அப்போதும் கழலாவிட்டால், ஒன்றின் மேல் ஒன்றாகப் பல அடுக்கு சேர்ந்திருந்தால், கண் வீங்கினால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கும் இடமா என்று முன்பே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கழன்ற சட்டையை ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தொட்டியின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.