பத்து செக்கன் பூட்டு, பத்து வருடச் சிறை: சுடாத பெற்றோரை ஜூரி ஏன் உள்ளே அனுப்பியது?

[கமராவுக்கு நேராக. கையில் ஒரு கேபிள் பூட்டு.]

இது புறக்கோட்டையில் வாங்கிய சைக்கிள் பூட்டு. ஒரு கேபிள், ஒரு சாவி, அவ்வளவுதான். கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பூட்டு அமெரிக்காவில் ஒரு வீட்டின் படுக்கையறையில், பக்கற்றைக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. அந்த வீட்டுத் தாயும் தகப்பனும் இன்று சிறையில். அவர்கள் யாரையும் சுடவில்லை. சுடும்போது பக்கத்தில்கூட இல்லை. பிறகு ஏன் சிறை?

வணக்கம் உறவுகளே. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து பேசுகிறேன். இடையில் பஸ் ஹோர்ன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். காலி வீதிக்குப் போடும் பூட்டு புறக்கோட்டையிலும் இல்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன்.

[திரையில்: மிச்சிகன் வரைபடம்]

பின்னணியை ஓட்டமாகச் சொல்கிறேன். 2021 நவம்பர் 30, மிச்சிகன் மாநிலம், டெட்ரொய்ட் நகருக்கு வடக்கே ஒக்ஸ்போர்ட் என்ற சின்ன ஊர். இங்கிலாந்து ஒக்ஸ்போர்ட் இல்லை. அங்கே உயர்நிலைப் பாடசாலையில் 15 வயது மாணவன் ஒருவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஏழு பேர் காயப்பட்டார்கள். அவன் பெயரை இந்த வீடியோவில் சொல்ல மாட்டேன். 2022 ஒக்டோபரில் 24 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டான். 2023 டிசம்பரில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. அவன் கதை அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஜேம்ஸ் க்ரம்ப்ளி, ஜெனிஃபர் க்ரம்ப்ளி என்ற அவனுடைய பெற்றோரின் கதை.

சம்பவத்துக்கு நான்கு நாள் முன்னால் இருந்து வருவோம். நவம்பர் 26, வெள்ளிக்கிழமை. அமெரிக்கா முழுக்க மலிவு விற்பனை நடக்கும் நாள். தகப்பன் மகனையும் கூட்டிக்கொண்டு போய் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்று வாங்குகிறார். காசு மகனுடைய சேமிப்பு. அடுத்த நாள் தாய் அவனைச் சுடும் பயிற்சி இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டு, கிறிஸ்மஸ் பரிசைச் சோதித்துப் பார்த்தோம் என்று சமூக வலைத்தளத்தில் போடுகிறார். திங்கட்கிழமை வகுப்பில் அவன் போனில் தோட்டா தேடுவதை ஒரு ரீச்சர் பார்த்துவிடுகிறார். பாடசாலை தாய்க்கு அழைத்துத் தகவல் வைக்கிறது. தாய் பாடசாலைக்குப் பதில் சொல்லவில்லை. மகனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறார்: எனக்குக் கோபம் இல்லை, பிடிபடாமல் இருக்கப் பழகிக்கொள். முன்னால் ஒரு சிரிப்பும் சேர்த்து.

இந்த மெசேஜைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வகுப்பில் போன் பார்த்து மாட்டிய பிள்ளைக்கு நம் வீடுகளிலும் இதே பகிடியைத்தான் சொல்லுவோம். பிள்ளை தேடியது என்ன என்பதுதான் வித்தியாசம்.

[இசை நிற்கிறது]

செவ்வாய்க்கிழமை காலை. இங்கேதான் நான் நிற்கப்போகிறேன். வீடியோவைத் தள்ளி ஓட்டாதீர்கள்.

கணிதத் தாளில் அவன் ஒரு துவக்கு வரைந்திருக்கிறான். ஒரு தோட்டா. இரத்தம் வடியும் ஒரு மனிதன். பக்கத்தில், எண்ணங்கள் நிற்கவில்லை, எனக்கு உதவுங்கள் என்று எழுதியிருக்கிறான். ரீச்சர் அதைப் படம் பிடித்து மேலே அனுப்புகிறார். ஆலோசகர் அவனை அறைக்குக் கூப்பிட்டுப் பெற்றோரையும் வரச் சொல்கிறார். அதற்குள் தாளைக் கீறிப் பல இடங்களை மறைத்துவிட்டான். இதெல்லாம் வீடியோ கேம் ஒன்றுக்கான வடிவமைப்பு என்கிறான்.

அதிபர் அலுவலகத்தில் இருந்து போன் வந்தால் கொழும்பில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அரை நாள் லீவு போடுவார். அப்பா வாய் திறக்காமல் ஓட்டோவில் வந்து இறங்குவார். அறைக்குள் போகும் முன்பே பிள்ளைக்கு ஒரு முறைப்பு விழும். வெளியே வந்ததும் மீதி விழும். அந்த அடியைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளை வீட்டுக்குத்தான் வருவான், அவனோடு பையும் வரும், அம்மா அதைக் கொட்டிப் பார்க்காமல் விடமாட்டார்.

ஒக்ஸ்போர்டில் பெற்றோர் இருவரும் வந்தார்கள். 48 மணி நேரத்துக்குள் இவனை மனநல உதவிக்குக் கூட்டிப்போங்கள் என்றார் ஆலோசகர். இன்றே வீட்டுக்குக் கூட்டிப்போகலாமே என்ற பேச்சும் வந்தது. வேலை இருக்கிறது என்றார்கள். நான்கு நாள் முன்னால் துவக்கு வாங்கினோம் என்று தாயும் சொல்லவில்லை, தகப்பனும் சொல்லவில்லை. துவக்குப் படம் வரைந்த தாள் மேசையில் கிடக்கிறது, அப்போதும் வாய் வரவில்லை. பையன் திரும்ப வகுப்புக்குப் போனான், பையும் கூடவே போனது. பிஸ்டல் அந்தப் பைக்குள் இருந்தது. பாடசாலையும் திறந்து பார்க்கவில்லை, பெற்றோரும் திறந்து பார்க்கவில்லை.

பை என்றதும் எனக்கு 2019 ஞாபகம் வருகிறது. ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு பாடசாலைகள் திறந்தபோது, வாசலில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தார்களே. உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை தேடிக் கடை கடையாக அலைந்தோமே. சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் திறந்து காட்டிய சின்னப் பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலில் நிற்பார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஒக்ஸ்போர்ட் வழக்கைப் படித்த பிறகு அந்த எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

[திரையில்: நீதிமன்ற வரைபடம்]

சரி, சட்டத்துக்கு வருவோம். பெற்றோர் மீது வந்த குற்றச்சாட்டு, கொல்லும் எண்ணம் இல்லாமல் மிகமோசமான கவனயீனத்தால் மரணம் விளைவித்தது. இறந்தவர்கள் நால்வர், ஆகவே ஆளுக்கு நான்கு குற்றச்சாட்டுகள். நம் தண்டனைச் சட்டக்கோவையில் 298ஆம் பிரிவு இதற்குத் தூரத்துச் சொந்தம். கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் ஐந்து வருடம் வரை சிறை. கொழும்பில் இந்தப் பிரிவு அதிகமாகக் காதில் விழுவது வாகன விபத்து வழக்குகளில்தான்.

பெற்றோர் தரப்புச் சட்டத்தரணிகளின் வாதம் எளிமையானது: சுட்டது மகன், தானாக முடிவெடுத்துச் சுட்டான், அந்த இடத்திலேயே பெற்றோரின் பொறுப்பு அறுந்துபோகிறது. இதற்கு நான் ஒரு வெள்ளவத்தை உதாரணம் தருகிறேன். லைசன்ஸ் வயது வராத மகனுக்கு அப்பா மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கிறார். அவன் ஒழுங்கைக்குள் ஒருவரை இடித்துவிடுகிறான். ஓட்டியது நான் இல்லை என்று அப்பா சொல்லலாம். ஆனால் முதல் நாள்தான் அவன், நான் யாரையாவது இடிக்கப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால்? இடிப்பான் என்று முன்கூட்டியே தெரியக்கூடியதாக இருந்ததா என்பதுதான் கேள்வி. 2023 மார்ச்சில் மிச்சிகன் மேன்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடுத்து, இதை ஜூரி, அதாவது பொதுமக்களில் இருந்து தெரிவு செய்யும் நடுவர் குழு, முடிவு செய்யட்டும் என்று வழக்கை விசாரணைக்கு அனுப்பியது.

ஜூரி என்ற சொல் கேட்டால் கொழும்புத் தமிழருக்கு நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜின் கொலை வழக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. 2016 டிசம்பரில் நள்ளிரவு தாண்டி வந்த தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேருக்கும் விடுதலை. நம் நாட்டில் ஜூரி ஏழு பேர். மிச்சிகனில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும்.

தாய்க்கும் தகப்பனுக்கும் தனித்தனி விசாரணை. தாய் சாட்சிக் கூண்டில் ஏறி, நான் வேறு விதமாக எதையும் செய்திருக்கமாட்டேன் என்றார். 2024 பெப்ரவரி 6, நான்கிலும் குற்றவாளி. துவக்கைக் கடைசியாகக் கையில் வைத்திருந்த பெரியவர் அந்தத் தாய்தான் என்பது தங்களுக்குப் பெரிதாகப் பட்டது என்று ஜூரித் தலைவி வெளியே வந்து சொன்னார்.

அப்புறம் தகப்பன். இப்போது பூட்டுக் கதை.

[மேசையில் கேபிள் பூட்டு, போனில் ஸ்டொப் வொச்]

வீட்டில் வேறு துவக்குகள் இருந்த பெட்டிக்கு நம்பர் பூட்டு. நம்பர் என்ன தெரியுமா? 000. கடையில் இருந்து வந்தபடியே. சிரிக்காதீர்கள், உங்கள் பயணப் பெட்டியின் நம்பர் என்ன என்று இப்போதே போய்ப் பாருங்கள். இந்தப் பிஸ்டலுக்கு வந்த கேபிள் பூட்டோ பக்கற்றுக்குள்ளேயே. முடிவுரையில் அரச தரப்புச் சட்டத்தரணி கேரன் மக்டொனால்ட், சுடப் பயன்பட்ட அந்தப் பிஸ்டலையே ஜூரிக்கு முன்னால் எடுத்து, கேபிளை நுழைத்துப் பூட்டிக் காட்டினார். பத்து செக்கன் போதும் என்றார்.

நானும் செய்து பார்க்கிறேன், கதிரைக் காலில்தான். ஸ்டார்ட். நுழைத்தாயிற்று... சாவி எங்கே... ஆ, பூட்டியாயிற்று. பதினான்கு செக்கன். சாவியைக் கீழே போட்டதற்கு நான்கு செக்கனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

2024 மார்ச்சில் தகப்பனும் குற்றவாளி. ஏப்ரல் 9ஆம் திகதி இருவருக்கும் 10 முதல் 15 வருடம். இது பிள்ளை வளர்ப்புச் சரியில்லை என்பதற்கான தண்டனை இல்லை, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தக்கூடிய சந்தர்ப்பங்கள் திரும்பத் திரும்பக் கைவிடப்பட்டன என்ற பொருளில் நீதிபதி செரில் மத்யூஸ் பேசினார். அதே வருடம் பெப்ரவரியில், பிள்ளைகள் எடுக்கக்கூடிய வீட்டில் துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் மிச்சிகனில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

பாடசாலை? சிவில் வழக்கில் 2023 மார்ச்சிலேயே, அரசாங்க விலக்குரிமை, அதாவது அரச அமைப்புகளை இப்படியான வழக்குகளில் இருந்து காக்கும் சட்டப் பாதுகாப்பு, இருக்கிறது என்று மாநில நீதிமன்றம் பாடசாலை நிர்வாகத்தையும் ஊழியர்களையும் விடுவித்துவிட்டது. ஊழியர் எவர் மீதும் குற்ற வழக்கும் இல்லை. பெற்றோருக்குக் கிடைத்த தீர்ப்பு சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதே அறையில், அதே மேசையில், அதே தாளைப் பார்த்துக்கொண்டு பாடசாலைத் தரப்பில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அது எனக்குச் செரிக்கவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? கமெண்டில் சண்டை பிடியுங்கள், மரியாதையாக.

இன்னொரு வழக்கும் இருக்கிறது. 2024 செப்டெம்பர் 4, ஜோர்ஜியா மாநிலம், அபலாச்சி உயர்நிலைப் பாடசாலை. 14 வயது மாணவன் மீது குற்றச்சாட்டு, இறந்தவர்கள் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும். இந்த முறை தகப்பன் மீது கொலைக் குற்றச்சாட்டே போட்டார்கள், க்ரம்ப்ளி வழக்கை விட ஒரு படி மேலே. அதற்குத் தனி வீடியோ வேண்டுமென்றால் கீழே ஜோர்ஜியா என்று எழுதிவிட்டுப் போங்கள். நான் போய் இந்தக் கதிரையைத் திறக்க வேண்டும், சாவியைத் திரும்பவும் காணவில்லை.